தாம்பூலப் பையில் அலையாத்திக் கன்று: செட்டிநாட்டில் விற்கும் கடல் கார்பன் திட்டங்களில் எதை வாங்கலாம்?

மணிவிழாத் தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சளோடு இப்போது ஓர் அட்டையும் சேர்ந்துகொள்கிறது. “இவ்விழாவின் நினைவாக உங்கள் பெயரில் ஓர் அலையாத்திக் கன்று நடப்பட்டுள்ளது, அது ஆண்டுக்கு 12 கிலோ கரியமில வாயுவை உறிஞ்சும்” என்று அதில் அச்சிட்டிருக்கும். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பங்களா ஓட்டல்களிலும் அறை வாடகையோடு சிறு தொகை சேர்த்து இதையே விற்கிறார்கள். கடலே இல்லாத சீமையில் கடலை விற்பது வியாபாரத்தில் புதுசில்லை. கொண்டுவிற்கப் போனவர்களின் ஊர்தானே இது.

இந்த விமர்சனம் எந்த ஒரு நிறுவனத்தைப் பற்றியதும் அல்ல, சரக்கைப் பற்றியது. கடலோரச் செடிகொடிகள் கரியமில வாயுவை இழுத்துவைப்பதைக் காசாக்கும் இந்த ‘கடல் கார்பன்’ சந்தையில் இருப்பவை மூன்று: அலையாத்திக் கன்று, கடல்புல் நடவு, கடற்பாசி. நான்காவதாக விற்பவர் வாயில் அவ்வப்போது வந்துவிழும் ‘சிப்பி, பவளம், சுண்ணாம்பு’ வகையறாவும் உண்டு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கன்றை எண்ணி விற்கும் எதையும் வாங்க வேண்டாம். வாய்க்கால் வெட்டுவதற்கும், வெட்டியதைத் தூர்வாருவதற்கும், மூன்று ஆண்டு காவலுக்கும் பணம் கேட்கும் திட்டம் கிடைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம். கடல்புல்லில் நடவைவிடக் காப்பதற்குக் கொடுப்பது மேல். கடற்பாசியைப் பயிருக்கு உரமாக வாங்கலாம், கார்பன் என்று வாங்கக் கூடாது. சிப்பிக்குக் காசே கொடுக்க வேண்டாம்.

முதலில் பற்று, பிறகுதான் வரவு. இரண்டு நாள் கல்யாணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜெனரேட்டருக்கு 300 லிட்டர் டீசல் என்றால் லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் 800 கிலோ கரியமில வாயு. சமையலுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர் 25. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் 3 கிலோ, ஆக சிலிண்டருக்கு 57, மொத்தம் 1,400 கிலோவுக்குச் சற்று மேல். மின்வாரிய இணைப்பில் 1,000 யூனிட் ஓடியிருந்தால் இன்னொரு 700 கிலோ. கூட்டினால் ஏறக்குறைய 3 டன். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வந்து திரும்பும் உறவினர் ஒருவருக்கு அரை டன்னை ஒட்டி வரும் என்பதால், பத்துப் பேர் வந்தாலே கல்யாணச் செலவைவிட விமானச் செலவு மேலே போய்விடும். அட்டை விற்பவர் இந்தக் கணக்கைக் கேட்காமலே “100 கன்று போதும்” என்று சொன்னால், அவர் விற்பது கார்பன் கணக்கு இல்லை, அட்டை.

அடுத்து அந்த 12 கிலோ. வளர்ந்த மரம், மழையும் ஆற்றுநீரும் தாராளமாக உள்ள கரை, ஒரு கன்றும் சாகாத நிலை ஆகிய எல்லாம் கூடினால் வரக்கூடிய எண் அது. சரிபார்ப்பது எளிது. இரண்டு மீட்டருக்கு ஒன்று என்று நட்டால் ஹெக்டேருக்கு 2,500 கன்று. ஆளுக்கு 12 கிலோ என்றால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன். அலையாத்திச் சேற்றில் புதையும் கார்பனுக்கு உலக சராசரியாகச் சொல்லப்படுவது ஹெக்டேருக்கு ஆண்டுக்கு சுமார் 1.7 டன் கார்பன். 12 கிலோ கார்பன் 44 கிலோ கரியமில வாயுவாகும் என்பதால், 44-ஐ 12-ஆல் வகுத்தால் வரும் 3.67-ஆல் பெருக்கினால் கரியமில வாயுவாக 6 டன் சொச்சம். மரத்தில் சேர்வது இதற்கு மேல். ஆனால் தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து வறண்ட உவர்க்கரையில் வெண்கண்டல் புதர்போல நின்றுவிடும். மண்ணும் மரமும் சேர்த்து 8 முதல் 10 டன் என்று போடுவதே எங்கள் மதிப்பில் தாராளம். அப்படியானால் எல்லாக் கன்றும் பிழைத்தாலும் தலைக்கு 4 கிலோ. பாதி பிழைத்தால் 2. அதுவும் முதல் நாளிலிருந்து இல்லை. முதல் ஆண்டுக் கன்று உறிஞ்சுவது கிராம் கணக்கு. 100 கன்று, பத்து ஆண்டு கழித்து, ஆண்டுக்கு 200 கிலோ. கல்யாணக் கடன் 3 டன். ஐந்தொகை பார்த்துப் பழகிய வீட்டில் இந்தப் பேரேட்டை யாரும் கையெழுத்திட்டு வாங்க மாட்டார்கள்.

இதனால் அலையாத்தியே வீண் என்று ஆகாது. அலையாத்தியின் சொத்து மரத்தில் இல்லை, காலடிச் சேற்றில் இருக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் இலையும் வேரும் மட்காமல் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். ஒரு மீட்டர் ஆழச் சேறு, கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் அடர்த்தி, அதில் 2 சதவீதம் கார்பன் என்று எடுத்தால் ஹெக்டேருக்கு 200 டன் கார்பன், கரியமில வாயுவாக 730 டன்னுக்கு மேல். புதுக் கன்று ஒரு தலைமுறை சேர்ப்பதைப் பழைய காட்டின் சேறு ஏற்கெனவே வைத்திருக்கிறது. வெட்டியோ வற்றவிட்டோ அந்தச் சேற்றில் காற்றுப் புகுந்தால் சேமிப்பில் பெரும்பங்கு கரியமில வாயுவாகக் கிளம்பிவிடும். கென்யாவின் காஸி விரிகுடாவில் 117 ஹெக்டேரில் 2013 முதல் கார்பன் கிரெடிட் (ஒரு டன் கரியமில வாயுவைத் தடுத்ததற்கான சான்று) விற்கும் கிராமத் திட்டம் பேர்பெற்றது. அங்கும் கணக்கின் பெரும்பகுதி புது நடவிலிருந்து வரவில்லை, நிற்கிற காட்டை அழியாமல் காத்ததிலிருந்துதான் வருகிறது.

தமிழ்நாட்டின் அலையாத்தி, 2021 வன அறிக்கைக் கணக்கில், மொத்தமே சுமார் 45 சதுர கிலோமீட்டர். முத்துப்பேட்டையும் பிச்சாவரமும் போக மிச்சம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. செட்டிநாட்டுக்கு அருகில் உள்ள துண்டு கோட்டக்கரையாற்று முகத்தில் உள்ள காரங்காடு. இருக்கும் இந்தத் துண்டுகளை விரிக்க நல்ல முறை எது என்பது பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் 1990-களிலிருந்தே தெரிந்த விஷயம். பிரிட்டிஷ் காலத்தில் கூறு போட்டு மொட்டையாக வெட்டிய இடங்களில் வெயில்பட்டுச் சேறு சுருங்கி, நிலம் தொட்டிபோல அமுங்கியது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியே போக வழியில்லை. தேங்கிய நீர் ஆவியாகி உப்பு ஏறியது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. இந்தத் தொட்டியில் கோடையில் அது இரு மடங்கைத் தாண்டும். அங்கே உமரிச் செடியைத் தவிர எதுவும் நிற்காது. எத்தனை லட்சம் கன்று நட்டாலும் சாகும்.

மருந்து, வாய்க்கால். ஆற்றிலிருந்தோ கழியிலிருந்தோ ஒரு தாய் வாய்க்கால். பொதுவாக மேல் அகலம் 3 மீட்டரை ஒட்டியும் ஆழம் ஒரு மீட்டரை ஒட்டியும் வெட்டுவார்கள், அடி குறுகலாக இருக்கும். அதிலிருந்து இரு பக்கமும் 45 பாகை சாய்வில் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி தெரியும், பேரும் அதுவே. சாய்வுக்குக் காரணம் உண்டு: செங்குத்தாக வெட்டினால் நீர் முட்டி நிற்கும், வண்டல் வாயிலேயே படியும். நடவு வாய்க்காலின் அடியிலும் இல்லை, மேட்டிலும் இல்லை, சரிவின் நடுவில். அங்குதான் ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் காயும். பாக் நீரிணையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் ஒரு சாண் மேலே போனால் கன்று காய்ந்து சாகிறது, ஒரு சாண் கீழே போனால் மூழ்கிச் சாகிறது. மட்டம் பார்க்கும் கருவி இல்லாமல் கயிறு கட்டி நடும் குழுவை நம்ப வேண்டாம்.

செட்டிநாட்டுக்காரருக்கு இது புரியாத பாடம் இல்லை. ஊருணிக்கு வரத்துக்கால் தூர்ந்தால் எவ்வளவு மழை பெய்தும் பயனில்லை. அலையாத்திக்கும் அதே கதைதான், நீர் மட்டும் இருபக்கமும் ஓட வேண்டும். வெட்டிய வாய்க்கால் இரண்டு மூன்று ஆண்டில் வண்டல் மேவி மேடாகிவிடும். தூர்வாரும் செலவைத் திட்டத்தில் எழுதாத நிறுவனம், கன்றை நட்ட அன்றே அதற்குத் தேதி குறித்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

கன்றைப் பற்றியும் கொஞ்சம். தொண்டிக் கரைக்கு ஏற்றது வெண்கண்டல். அதன் வேர் பென்சில் நட்டு வைத்தாற்போல் சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அட்டையில் அச்சாகிறதோ வளைந்து ஊன்றிய கால்களுள்ள சுரபுன்னை. பிச்சாவரத்தில் எடுத்த அழகான படம், ஆனால் அந்த மரம் நம் பக்கத்து உவர் நிலத்தில் எடுபடாது. படமும் நடவு இடமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை. வெண்கண்டல் விதையை மழைக்காலத்தை ஒட்டிப் பொறுக்கி, உப்பங்கழி நீரில் ஊறவைத்தால் தோல் கழன்றுவிடும். பூச்சி துளைத்ததைக் கழித்துவிட்டு நேரே ஊன்றலாம், அல்லது பையில் சில மாதம் வளர்த்து நடலாம். சுரபுன்னை முளைக்குப் பை தேவையில்லை, மூன்றில் ஒரு பங்கு சேற்றில் இறங்கும்படி ஊன்றினால் போதும். அதையும் பிளாஸ்டிக் பையில் வளர்த்துக் கணக்கில் காசு ஏற்றுபவர்கள் உண்டு. நட்டபின் பையைத் திரும்ப எடுத்து வருகிறார்களா என்பதையும் பாருங்கள். கடலைக் காப்பாற்றப் போய் கடலில் பிளாஸ்டிக் விட்டு வருவது நடக்கிறது.

சாவதற்கு வழிகள் பல. கரைக்கு முன்னால் எப்போதும் நீர் நிற்கும் சேற்றுத் திடலில் நடுவதுதான் அதிகம் செய்யப்படும் தப்பு. அந்த இடம் யாருடைய பட்டாவும் இல்லை, தகராறு வராது, படகிலிருந்து படம் எடுக்கவும் வசதி. அங்கே கொட்டலசு என்னும் ஓட்டுயிர் தண்டில் ஒட்டி மேலே மேலே ஏறி, பாரம் தாங்காமல் கன்று சாய்ந்துவிடும். மிதக்கும் பாசி இலையைச் சுற்றிக்கொண்டு மூச்சை அடைக்கும். கரைப்பக்கம் நட்டால் ஆடு மாடு. வெண்கண்டல் இலை அவற்றுக்கு நல்ல தீனி. நண்டு தண்டைக் கத்தரிக்கும். இவற்றையெல்லாம் தாண்டினாலும் கோடையில் ஆற்றில் நீர் நின்று முகத்துவாரம் மணலால் அடைந்துவிட்டால் உள்ளே உள்ள மொத்தக் காடும் உப்பில் வேகும். முகத்துவாரத்தை வெட்டித் திறக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டால் பெரும்பாலான விற்பனையாளர் விழிப்பார்கள்.

நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் சுனாமிக்குப் பின் நட்டவற்றை 2017-இல் வெளியான ஆய்வொன்று கணக்கெடுத்தது. 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட இல்லை. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நட்டதில் தேறியது 200-ஐ ஒட்டித்தான். பணமும் ஆர்வமும் குறைந்து அப்படி ஆகவில்லை. நட்ட இடமும் மட்டமும் தப்பு, பின்னால் போய்ப் பார்த்தவரும் இல்லை.

நிரந்தரம் என்பதிலும் ஒரு சிக்கல். ‘25 ஆண்டில் 300 கிலோ’ என்று எழுதும்போது அந்த 25 ஆண்டில் புயல் ஒன்றும் வராது என்று வைத்துக்கொள்கிறார்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா முத்துப்பேட்டைக் காட்டை என்ன பாடு படுத்தியது என்று அந்தப் பக்கத்துச் சம்பந்திகளைக் கேட்டாலே தெரியும். ஒழுங்கான கிரெடிட் அமைப்புகள் இதற்காக ஒரு பங்கை விற்காமல் சேமக் கணக்கில் ஒதுக்கிவைக்கும். கிரெடிட்டுகளைச் சரிபார்த்துப் பதியும் வெர்ரா போன்ற அமைப்பின் பதிவேட்டில் ஏறிய கிரெடிட்டுக்கு வரிசை எண் இருக்கும். உங்கள் பெயரில் ‘ரிட்டயர்’ செய்யப்பட்டதை, அதாவது மறுபடி விற்க முடியாதபடி முடித்துவைக்கப்பட்டதை, இணையத்தில் நீங்களே பார்க்கலாம். அலையாத்தி, கடல்புல் மீட்புக்கான வெர்ரா வழிமுறையின் எண் வி.எம். 0033. தாம்பூலப் பை அட்டையில் இருக்கும் எண் பெரும்பாலும் அச்சகத்து வரிசை எண்தான்.

சிறு திட்டங்கள் இந்தப் பதிவுச் செலவைத் தாங்காது என்பதும் உண்மை. சில ஏக்கர் வாய்க்காலைத் தூர்வாரும் கிராமக் குழுவிடம் வெர்ரா எண் கேட்பது அநியாயம். அவர்களிடம் கேட்க வேண்டியது வேறு. நடவு இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை வாங்கி கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தள்ளிப் பாருங்கள். ஐந்தாண்டுக்கு முன் ஏற்கெனவே பச்சையாக இருந்த இடம் என்றால் இயற்கை செய்ததைத் தங்கள் கணக்கில் எழுதுகிறார்கள். இன்றும் வெள்ளையாகவே இருந்தால் உப்புத் தட்டு, வாய்க்கால் இல்லாமல் எதுவும் வராது. வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகல் கேளுங்கள். அலையாத்தி இருக்கும் இடம் கடற்கரை ஒழுங்குமுறையில் 1ஏ வகை, யாரும் தன் இஷ்டத்துக்கு மண்வெட்டியோடு இறங்க முடியாது. பத்துக்குப் பத்து மீட்டர் கட்டங்களில் ஆறு மாதம், ஒரு வருடம், மூன்று வருடம் என்று எண்ணிய பிழைப்புக் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். நடுவதற்கு முன் எடுத்த மண் மாதிரி இருந்தால் அது பெரிய விஷயம். முந்தின அளவு இல்லாமல் ‘இவ்வளவு சேர்ந்தது’ என்று யாராலும் சொல்ல முடியாது. மண் மாதிரிக்கு வெளியூர் போக வேண்டிய அவசியமும் இல்லை. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட துறையோடு சேர்ந்து செய்கிறார்களா என்று கேட்கலாம். இறால் பண்ணைக் கழிவோ ஊர்ச் சாக்கடையோ கலக்கும் கழியா என்பதும் கேட்கத்தக்கது. உப்பு லிட்டருக்கு 18 கிராமுக்கு மேல் இருந்தால், கரியமில வாயுவைவிட அதிகம் சூடேற்றும் மீத்தேன் சேற்றில் அதிகம் உண்டாகாது. நன்னீரும் கழிவும் கலந்து உப்பு இறங்கினால் உண்டாகும், சேமித்ததில் ஒரு பங்கை அது தின்றுவிடும்.

ஆக அலையாத்திக்கு எங்கள் மதிப்பெண்: கன்றுக் கணக்கில் விற்றால் ஐந்துக்கு ஒன்று. வாய்க்கால், காவல், மூன்றாண்டு எண்ணிக்கை என்று விற்றால் ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்றைக் குறைத்தது முகத்துவாரத்துக்காக.

கடல்புல் திட்டம் இப்போதுதான் மெல்லத் தலைகாட்டுகிறது. இது பாசி இல்லை. வேர், தண்டு, பூ எல்லாம் உள்ள புல், ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வது. வளர்ந்த ஆவுளியா ஒன்று நாளைக்கு 40 கிலோ வரை தின்னும். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அதில் 12,250 ஹெக்டேர் புல்வெளி. அறந்தாங்கி தாண்டினால் கடல், கடலுக்குள் இப்படி ஒரு மேய்ச்சல் காடு. காரைக்குடியில் பலருக்கு இது செய்தியாகவே இருக்கும்.

நடவு முறை எளிது, உழைப்பு அதிகம். ஒரு மீட்டர் சதுர மூங்கில் சட்டம். அதில் தேங்காய்நார்க் கயிற்றை வலைபோல் கட்டி, தாய்ப்புல்வெளியில் கணுவோடு எடுத்த துண்டுகளை முடிச்சில் செருகி, சட்டத்தைக் கடலடியில் முளை அடித்து நிறுத்துவார்கள். கயிறு மட்கும் முன் புல் வேர்விட்டுக்கொள்ளும். நைலான் கயிறு கட்டினால் திட்டமே கெட்டது. தோற்பதற்குக் காரணம் மூன்று: கலங்கல் நீரில் வெளிச்சம் கீழே போகாதது, வாடைக் காற்றில் மணல் மூடுவது, விசைப்படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை. மூன்றாவது சட்டத்தையும் புல்லையும் சேர்த்தே வாரிக்கொண்டு போய்விடும். ஆகையால் இழுவைமடி வராத இடமா என்று கேட்காமல் சட்டத்துக்குக் காசு கொடுப்பது வீண்.

கார்பன் கணக்கில் கடல்புல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 5 டன் கரியமில வாயு புதைக்கும் என்பது அடிக்கடி எடுத்தாளப்படும் உலக சராசரி. நம் பக்கத்துக் கடலடியில் சிப்பி, சுண்ணக மணல் அதிகம். சுண்ணகம் உருவாகும்போது கரியமில வாயு வெளியேறும் என்பதால் அந்த எண்ணை அப்படியே இங்கே ஒட்டக் கூடாது. இருக்கும் 12,250 ஹெக்டேரைக் கிழியாமல் பார்த்துக்கொள்ளும் மீனவர் குழுவுக்குக் கொடுக்கும் பணம், புதிதாக 100 சட்டம் இறக்கும் பணத்தைவிட வேலை செய்யும். காப்புக்கு நான்கு, நடவுக்கு இரண்டரை.

கடற்பாசியில்தான் அதிகம் ஏமாற்றம், அதிகம் பயனும். கட்டைக்கோரை, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி எல்லாம் ராமநாதபுரக் கரைப் பெண்கள் தலைமுறையாக முங்கி எடுத்தவை. 2000-க்குப் பின் வந்தது கப்பாபைகஸ் என்னும் வெளிநாட்டுப் பாசி. அதைக் கொண்டுவந்த குளிர்பானக் கம்பெனியின் பேராலேயே ‘பெப்சி பாசி’ என்றார்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், 20 கயிறு, 60 கிலோ விதைப்பாசி. 45 நாளில் 250 கிலோ அளவு அறுக்கலாம். நீர் சூடேறினால் தண்டு வெளுத்து ஒடியும் நோய் வரும். 2013-ஐ ஒட்டி வெப்பத்தில் பெரும் பகுதி செத்து, தெப்பம் விட்டவர்கள் பலர் தொழிலையே விட்டார்கள். மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளத்தின்மேல் இது படர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. எந்தக் கடலில் விடுகிறார்கள் என்று கேட்பது அதனால்தான். திருவாடானைப் பக்கம் வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். இனி ‘பாசி கார்பன்’ விற்பனை கூடும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

ஆகவே கணக்கு. 250-இல் விதையைக் கழித்தால் 190. காய்ந்தால் பத்தில் ஒன்று, 19 கிலோ. அதில் ஏறக்குறைய கால் பங்கு கார்பன், 5 கிலோவுக்குக் குறைவு. கரியமில வாயுவாக 17 கிலோ சொச்சம். தெப்பம் பார்க்கப் போன ஃபைபர் படகு ஆறரை லிட்டர் டீசல் எரித்தால் கணக்கு நேர். படகே போகவில்லை என்றாலும், அறுத்த பாசி ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் போய்ச் சேர்ந்து சில மாதத்தில் மீண்டும் காற்றாகிவிடும். ஆழ்கடலில் அமிழ்ந்தால்தான் சேமிப்பு. அறுவடை செய்வதையே நோக்கமாகக் கொண்ட பயிரில் அமிழ்வதற்கு என்ன மிச்சம்?

காரைக்குடி உரக்கடைகளில் கிடைக்கும் கடற்பாசித் திரவ உரம் வேறு சரக்கு, நல்ல சரக்கு. லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி, அல்லது லேபிளில் போட்ட அளவு. காலையிலோ மாலை வெயில் தாழ்ந்த பிறகோ இலைமேல் தெளிக்க வேண்டும். நெல்லில் தூர் கட்டும்போது ஒரு முறை, பூக்கும் முன் ஒரு முறை. அளவு கூடினால் பலன் கூடாது. இது யூரியாவுக்கு மாற்று இல்லை, வேரையும் தாக்குப்பிடிப்பையும் கூட்டும் ஊக்கி. திறந்தால் நாற்றமடித்து நுரைத்தால் கெட்டுவிட்டது, திருப்பிக் கொடுங்கள். கடலின் வாசம் இருக்கும், அழுகல் வாசம் இருக்கக் கூடாது. உரமாக ஐந்துக்கு மூன்றரை. பாட்டிலில் ‘கார்பன் நெகட்டிவ்’ என்று ஒட்டியிருந்தால் அந்த அரையைக் குறைத்துக்கொள்கிறோம்.

சிப்பி விஷயத்தில் செட்டிநாட்டை ஏமாற்றுவது மற்ற ஊரை ஏமாற்றுவதைவிடக் கடினமாக இருக்க வேண்டும். வளவுச் சுவரெல்லாம் சிப்பிச் சுண்ணாம்புதானே! காளவாயில் 100 கிலோ சிப்பி சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கரியமில வாயுவாகப் புகையோடு போகும். பூசிய சுவர் இறுகுவது அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்லத் திரும்பக் குடித்துத்தான். நூறு ஆண்டுச் சுவர் அதைப் பெரிதும் குடித்து முடித்திருக்கும். எரித்த விறகுப் புகையைத் தவிர்த்துப் பார்த்தால் கொடுக்கல் வாங்கல் கிட்டத்தட்டச் சரி. ‘சிப்பிக்குள் கார்பன் இருக்கிறது, ஆகவே சிப்பி வளர்த்தால் கார்பன் குறையும்’ என்பவர் பாதிக் கணக்கைச் சொல்கிறார். நீரில் கரைந்த பைகார்பனேட் இரண்டு பங்கை எடுத்து ஒன்றை ஓடாக்கும்போது மற்றொன்று கரியமில வாயுவாக நீரில் விடப்படுகிறது. ஓடு கட்டுவதில் கடல் வாயுவை இழக்கவே செய்யும். பவளத்துக்கும் இதுவே. பவளம் காக்கப் பணம் கொடுக்க நூறு நியாயம் உண்டு, இது மட்டும் அதில் சேராது.

சுட்ட சுண்ணாம்பைக் கடலில் கரைத்தால் கடல் கூடுதல் வாயுவை இழுக்கும் என்பது வேதியியலில் சரிதான். சுடும்போது வெளியேறும் வாயுவைப் பிடித்து அடைத்துவைக்காவிட்டால் பாதிக்கு மேல் கையைவிட்டுப் போய்விடும். கடலில் இரும்பைத் தூவிப் பாசியைப் பெருக்கி, அது கார்பனோடு ஆழத்தில் அமிழும் என்ற யோசனையை இந்தியாவே ஜெர்மனியோடு சேர்ந்து 2009-இல் தென்கடலில் 300 சதுர கிலோமீட்டரில் செய்து பார்த்தது, லோஹாஃபெக்ஸ் என்று பெயர். பாசி வளர்ந்தது, சிறு ஓட்டுயிர்கள் வந்து தின்றுவிட்டன, ஆழத்துக்குப் போனது சொற்பம். இந்த இரண்டையும் தாம்பூலப் பையில் யாரும் விற்க முடியாது, விற்றால் வாங்காதீர்கள்.

விருந்தினரை நேரில் கூட்டிப்போக விரும்பும் ஓட்டல்காரர்களுக்கு: தேவகோட்டை, திருவாடானை, தொண்டி வழியே காரங்காடு ஒரு காலைப் பயணம், வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகும் கயாக்கும் விடுகிறார்கள். வெயில் ஏறுமுன் போனால் நல்லது. முத்துப்பேட்டைக்குக் காரைக்குடி–திருவாரூர் பாதையில் ரயிலே உண்டு, படகுத்துறை ஜாம்பவானோடையில். போகிறவர்கள் வேரைப் பாருங்கள், வாய்க்காலைப் பாருங்கள், எங்கே மேவியிருக்கிறது என்று படகுக்காரரைக் கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் அட்டை சொல்லாததெல்லாம் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் அட்டை அச்சடித்தே ஆக வேண்டும் என்றால் வாசகத்தை மாற்றுங்கள்: “இவ்விழாவின் நினைவாக இந்த இடத்தில் இத்தனை மீட்டர் வாய்க்கால் மூன்றாண்டு தூர்வாரப்படும்.” கிலோக் கணக்கு வேண்டாம். தேதியையும் பார்த்துப் போடுங்கள். நடவு நடப்பது உப்பு இறங்கும் ஐப்பசி, கார்த்திகை, மிஞ்சினால் மார்கழி. வைகாசி முகூர்த்தத்து அட்டையில் ‘இன்று நடப்பட்டது’ என்று இருந்தால், அன்று அந்தக் கரையில் உப்புத்தான் பூத்திருக்கும்.